அரங்கேறும் இடம்: வைணவ ஆய்வுரைகளும் அவை செல்லும் இதழ்களும்

தேன்கனிக்கோட்டையில் எழுந்தருளியிருக்கும் பேட்டராய சுவாமியின் திருநாமத்தைப் பற்றி, ஓசூர்க் கல்லூரி ஆசிரியர் ஒருவர் ஆய்வுரை எழுதுவதாக வைத்துக்கொள்ளலாம். கன்னடத்தில் வேட்டையைக் குறிக்கும் சொல்லும் ஊர்ப்பகுதியைக் குறிக்கும் சொல்லும் முதலெழுத்தின் ஒலியால் மட்டுமே வேறுபடுகின்றன. ஒன்றில் பகரம் மெலிந்து ஒலிக்கும். மற்றதில் வலிந்து ஒலிக்கும். தமிழ் எழுத்தில் எழுதினால் இரண்டும் ‘பேட்டெ’ என்றே நிற்கும். மலைக்குரிய கன்னடச் சொல் ‘பெட்ட’. தெலுங்கிலோ வேட்டை ‘வேட்ட’ ஆகும்; ஊர் ‘பேட்ட’ ஆகும். இப்பெருமானை வேட்டையோடு சேர்த்துச் சொல்லும் வழக்கும் அங்கு உண்டு. கட்டுரையாளர் இவற்றுள் எச்சொல்லைத் தம் முடிபாகக் கொண்டாலும், எஞ்சியவற்றை ஏன் கொள்ளலாகாது என்று காட்டியாக வேண்டும். காட்டாமல் விட்டால், விட்டதைக் கண்டு கேட்பவர் யார்? கட்டுரை எவ்விதழுக்குச் செல்ல வேண்டும் என்னும் வினாவின் விடை பெரும்பாலும் இக்கேள்விக்குள்ளேயே அடங்கிக் கிடக்கிறது.

ஆயினும் இன்று முதலில் எழும் கேள்வி இதுவன்று. ‘இதழ் பட்டியலில் இருக்கிறதா?’ என்பதே முதற்கேள்வி. ‘எத்தனை நாளில் வெளிவரும்?’ என்பது அடுத்தது. கட்டணம் எவ்வளவு என்பது மூன்றாவது. இம்மூன்றுக்கும் உரிய விடை கிடைத்தவுடன் கட்டுரை அனுப்பப்படுகிறது. அதனைப் படிக்கப்போகிறவருக்கு மணிப்பிரவாளம் தெரியுமா, ஈட்டின் ஒரு பக்கத்தையேனும் அவர் ஆசிரியர் ஒருவரிடம் கேட்டதுண்டா என்பன எவர் நினைவிலும் எழுவதில்லை.

இந்நிலை உருவானதற்கு ஆய்வாளரை மட்டும் குறைசொல்லுதல் முறையன்று. பல்கலைக்கழக மானியக் குழு 2010ஆம் ஆண்டு விதிமுறைகளால் ஆசிரியர் நியமனத்துக்கும் பதவி உயர்வுக்கும் மதிப்பெண் முறையை வகுத்தது. வெளியிடப்பட்ட கட்டுரை ஒவ்வொன்றும் எண்ணப்படும் பொருளாயிற்று. எண்ணப்படும் பொருளை விற்பவர் தோன்றுவது உலக இயல்பு. 2016ஆம் ஆண்டு விதிகள் முனைவர் பட்ட ஆய்வேட்டை ஒப்படைக்குமுன் மதிப்பீட்டுக்குட்பட்ட இதழில் ஒரு கட்டுரையேனும் வெளிவந்திருக்க வேண்டும் என்றன. 2017இல் ஏற்கப்பட்ட இதழ்களின் பட்டியல் ஒன்று வெளியாயிற்று. 2018 மே மாதத்தில் அதிலிருந்து 4,305 இதழ்கள் ஒரே வீச்சில் நீக்கப்பட்டன. அவ்வாண்டே ‘கரண்ட் சயின்ஸ்’ இதழில் வந்த ஓர் ஆய்வு, பல்கலைக்கழகங்களே பரிந்துரைத்துப் பட்டியலில் ஏற்றியவற்றுள், பன்னாட்டு அட்டவணைகளில் இடம்பெறாத இதழ்களில் 88 விழுக்காட்டுக்கு மேற்பட்டவை தரமற்றவையாக இருக்கக்கூடும் என்று காட்டிற்று. பரிந்துரைத்தவர்கள் கற்றோரே என்பதை மறத்தலாகாது. பின்னர் 2019இல் ‘கேர்’ என்னும் புதிய பட்டியல் நடைமுறைக்கு வந்தது. அதுவும் கைவிடப்பட்டதாக 2025 பிப்ரவரியில் அறிவிப்பு வந்தது. இதழின் தரத்தை எடைபோடும் பொறுப்பு நிறுவனங்களிடமும் ஆய்வாளரிடமும் திரும்பி வந்துள்ளது. இடையே, 2022 நவம்பரில் வந்த விதிகள் முனைவர் பட்டத்துக்குக் கட்டுரை வெளியீட்டைக் கட்டாயமாக்காமல் விட்டன.

பட்டியல் போயிற்று, பட்டியலைத் தேடும் பழக்கம் போகவில்லை. கேர் பட்டியலில் முன்பு இருந்ததா என்று இன்றும் கேட்கிறார்கள்!

இக்கேடு தமிழுக்கோ வைணவத்துக்கோ மட்டும் உரியதன்று. 2013இல் ‘சயின்ஸ்’ இதழுக்காக ஜான் பொஹானன் என்பவர், வேண்டுமென்றே பிழைகளை இட்டு எழுதிய பொய்யான மருந்தாய்வு ஒன்றை 304 திறந்த அணுக்க இதழ்களுக்கு அனுப்பினார். 157 இதழ்கள் அதனை ஏற்றுக்கொண்டன. வேதியியல் அறிந்த எவரும் காணக்கூடிய பிழைகள் அவை. அறிவியலில் இத்தகைய பொய்யைப் பின்னொருநாள் ஒரு சோதனைச்சாலை வெளிப்படுத்தக்கூடும். வியாக்கியான ஆய்விலோ அத்தகைய இரண்டாம் காவல் இல்லை. பெரியவாச்சான் பிள்ளை சொன்னதை நம்பிள்ளை சொன்னதாக ஒருவர் எழுதி அது அச்சேறிவிட்டால், அடுத்த ஆய்வேட்டில் அது மேற்கோளாகும். அதற்கடுத்ததில் மேற்கோளின் மேற்கோளாகும். மூன்றாம் தலைமுறையில் மூலத்தைத் திறந்து பார்ப்பவர் இரார்.

ஓசூர், கிருஷ்ணகிரிப் பகுதி இதற்கு இலக்காவதற்குக் காரணங்கள் உண்டு. ஆலைகளைச் சார்ந்து வளர்ந்த இவ்வூர்களில் கல்லூரிகள் பெரும்பாலும் பொறியியலையும் வணிகவியலையும் மையமாகக் கொண்டவை; தமிழாசிரியர் அங்கு ஒருவர் அல்லது இருவர். ஒரு வியாக்கியானத் தொடரில் ஐயம் எழுந்தால் பக்கத்து அறையில் கேட்க ஆள் இல்லை. திருவரங்கத்திலோ காஞ்சியிலோ இருப்பவருக்குக் காலையில் ஒரு கோஷ்டியில் வாய்க்கும் திருத்தம், ஓசூரில் இருப்பவருக்குக் கடிதத்தால்தான் வாய்க்க வேண்டும். அந்நிலையில் ‘மூன்று நாளில் ஏற்பு, ஏழு நாளில் வெளியீடு’ என்று மின்னஞ்சலில் வரும் அழைப்பு, எவரும் பொருட்படுத்தாத ஒருவரை யாரோ பொருட்படுத்தியது போன்ற தோற்றத்தைத் தருகிறது. விலைபோவது கட்டுரை மட்டுமன்று, அதை எழுதியவரின் தனிமையும்தான்.

இவ்வழைப்புகளின் இயல்பை அறிவது கடினமன்று. தமிழிலக்கியம், வேளாண்மை, கணினி, மருத்துவம் ஆகிய அனைத்தையும் ஒரே இதழ் ஏற்பதாகச் சொன்னால், எதையும் அது படிப்பதில்லை என்று கொள்ளலாம். ஐஎஸ்எஸ்என் எண்ணைத் தரச்சான்றாகக் காட்டுவது அடுத்த மயக்கம். அது தொடர்வெளியீட்டை அடையாளங் காணும் எண் மட்டுமே. கதவிலக்கம் வீட்டாரின் ஒழுக்கத்துக்குச் சான்றாகாதது போல, அதுவும் உள்ளீட்டின் தரத்துக்குச் சான்றாகாது. ‘தாக்கக் காரணி’ என்று ஓர் எண்ணை முகப்பில் இடுவோர் பலர். அதனைக் கணித்தவர் யாரென்று கேட்டால் பெயரறியா நிறுவனம் ஒன்றைக் காட்டுவர். இவற்றினும் கொடியது, பழைமையான நல்லிதழ் ஒன்றின் பெயரையும் எண்ணையும் அப்படியே எடுத்துக்கொண்டு போலி இணையதளம் நடத்துவது. உண்மையான இதழ் அச்சில் மட்டும் வந்து இணையத்தில் இல்லாதபோது இவ்வேமாற்று எளிதாகிறது. தமிழின் பழைய இதழ்கள் பலவும் அச்சோடு நின்றவை என்பதை இங்கு நினைவுகொள்ள வேண்டும்.

வைணவ உலகில் இப்பொருளைப் பேசப் புகுவோர், ‘பூர்வர்கள் காலத்தில் அரங்கேற்றம் இருந்தது, அதுவே இன்றைய அறிஞர் மதிப்பீடு’ என்று சொல்லி நிறைவடைவதுண்டு. இவ்வொப்புமையை அப்படியே ஏற்பதற்கில்லை. அரங்கேற்றத்தில் ஆசிரியன் அவையின் முன் நிற்கிறான். கேட்பவரும் முகங்காட்டிக் கேட்கிறார். இன்றைய மதிப்பீட்டில் இருவர் பெயரும் மறைக்கப்படுகின்றன. அரங்கேற்றம் மறுக்கப்பட்டால் ஊரே அறியும். கட்டுரை மறுக்கப்பட்டால் ஒருவரும் அறியார், அதனால் அதே கட்டுரை ஒரு சொல்லும் திருந்தாமல் வேறோர் இதழுக்குச் செல்கிறது. ஆகவே ஒப்புமை வேண்டுமானால், சடங்கை விட்டு, குருபரம்பரை நூல்களில் வியாக்கியானங்கள் வெளிப்பட்ட வரலாற்றை நுணுகிக் காண்பது தகும்.

நஞ்சீயர் தாம் அருளிய ஒன்பதினாயிரப்படியை நன்றாகப் படியெடுத்துத் தருவதற்கு ஆள் தேடினார். நம்பூர் வரதராசர் அதனைப் பெற்றுக்கொண்டு காவிரியைக் கடக்கையில் வெள்ளத்தில் ஏட்டைத் தவறவிட்டார். பின்பு கேட்டிருந்த அளவைக்கொண்டே முழுவதையும் எழுதினார். சில இடங்களில் தமக்குத் தோன்றிய சிறப்புப் பொருள்களையும் சேர்த்தார். அதனைக் கண்டு உகந்த நஞ்சீயர் அவரை ‘நம்பிள்ளை’ என்று அணைத்தார் என்பது ஸம்ப்ரதாய ப்ரஸித்தம். இந்நிகழ்ச்சி நம்பிள்ளையின் நினைவாற்றலுக்கும் நஞ்சீயரின் பெருந்தன்மைக்கும் சான்றாகவே வழக்கமாக எடுத்துரைக்கப்படுகிறது. ஆனால் அதில் மற்றொன்றும் உண்டு. சேர்க்கப்பட்டவை எவை என்பதை நஞ்சீயர் கண்டுகொண்டார். தம் நூலின் ஒவ்வொரு தொடரையும் உள்ளத்தில் வைத்திருந்த ஒருவர் கையில் அவ்வேடு சென்று சேர்ந்ததனால்தான், பிழையாகக் கொள்ளப்படக்கூடிய மாற்றம் பேறாக அறியப்பட்டது. அறியாதவர் கையில் சென்றிருந்தால் மாற்றமே தெரிந்திராது. தெரியாத இடத்தில் புகழ்ச்சிக்கும் பொருளில்லை.

நஞ்சீயர் மேல்நாட்டிலிருந்து வந்தவர் என்பதும், பட்டரோடு வாதம் செய்து தோற்றே அவருக்கு ஆட்பட்டார் என்பதும் எல்லைப்புற ஆய்வாளருக்குத் தனியே நினைக்கத்தக்கவை. தம்மை வெல்லக்கூடியவரை எதிர்கொண்டதே அவருக்குப் பேறாயிற்று.

ஈட்டின் வரலாறு இன்னும் நுண்ணியது. நம்பிள்ளையின் காலக்ஷேபத்தைக் கேட்டு வடக்குத் திருவீதிப் பிள்ளை இரவில் எழுதிவைத்தார். அது ஆசாரியனின் அனுமதி பெறாமல் எழுதப்பட்டது. நம்பிள்ளை அதனைப் பார்த்து, பொருள் செம்மையாக இருப்பதை ஒப்பியும், உடனே உலவவிடாமல் வாங்கி ஈயுண்ணி மாதவப் பெருமாளிடம் கொடுத்தார். அது ஓராண்வழியாக வந்து, தலைமுறைகள் கடந்து மணவாள மாமுனிகளிடம் சேர்ந்தது. அவர் திருவரங்கத்தில் நம்பெருமாள் திருமுன்பே ஓராண்டளவு அதனை உபந்நியசித்தார். சரியாக எழுதப்பட்டதும் உடனே வெளிவந்தாக வேண்டும் என்பதில்லை என்பதற்கு இதனினும் பெரிய சான்று வேண்டா. ஏழு நாள் வெளியீட்டை விரும்புவோர் இவ்வரலாற்றைத் தம் ஆய்வேட்டின் முன்னுரையில் எழுதுவதும் உண்டு. எழுதிய பின்பும் ஏழு நாளில் வெளியிடுகிறார்கள்.

ஆயினும் காத்துவைத்தலையே முறையென்று கொண்டாடுதலும் தவறு. பெரியாழ்வார் திருமொழிக்குப் பெரியவாச்சான் பிள்ளை அருளிய வியாக்கியானத்தின் பெரும்பகுதி செல்லரித்துப் போயிற்று. மாமுனிகள் அழிந்த பகுதிக்கு மட்டும் உரையெழுதி, எஞ்சிய பகுதி தொடங்கும் இடத்தில் நிறுத்திக்கொண்டார். இதில் இரண்டு செய்திகள் உள்ளன. பிறருடைய நூல் இருக்குமிடத்தில் தம் எழுத்தை நுழைக்காத நேர்மை ஒன்று. மற்றொன்று, ஓரிடத்தில் மட்டும் இருந்த நூலை எவ்வளவு பெரிய ஆசாரியர் அருளியதாயினும் கறையான் விடாது என்பது. இன்று கறையானின் வேலையைக் காலாவதியான இணைய முகவரி செய்கிறது. கட்டணம் பெற்று வெளியிட்ட இதழ் சில ஆண்டுகளில் தளத்தைப் புதுப்பிக்காமல் விட்டால், அக்கட்டுரை இருந்ததற்கே அடையாளம் இராது. எனவே இதழைத் தேர்பவர், அதன் பழைய தொகுதிகள் எந்த நூலகங்களில் இருக்கின்றன என்று கேட்பது சிறிய கேள்வியன்று. பத்தாண்டுக்கு முந்திய இதழ் ஒன்றைத் தேடிப் பார்த்தால் விடை கிடைத்துவிடும்.

சென்ற நூற்றாண்டின் தொடக்கத்தில் இவ்விரு தேவைகளையும் ஒருங்கே நிறைவேற்றிய இதழ்கள் தமிழில் இருந்தன. மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் ‘செந்தமிழ்’ 1902இல் தோன்றியது; ரா. இராகவையங்காரும் பின்னர் மு. இராகவையங்காரும் அதன் ஆசிரியர்களாக இருந்தனர். இருவரும் அருளிச்செயலில் தோய்ந்தவர்கள். எனினும் அவ்விதழ் வைணவ இதழன்று. சைவரும் வைணவரும் சமயஞ்சாரா அறிஞரும் அதனைப் படித்தனர். மு. இராகவையங்கார் 1926இல் வெளியிட்ட ‘ஆழ்வார்கள் காலநிலை’, திருப்பாவையில் வரும் வெள்ளி, வியாழன் குறிப்பைக் கொண்டு கி.பி. 731 என்னும் ஆண்டைக் கணித்தது. அக்கணிப்பை ஏற்றோரும் மறுத்தோரும் உளர். வானநூல் அறிந்தவரும் பாசுரம் அறிந்தவரும் ஒருவரையொருவர் கேள்வி கேட்கக்கூடிய வாசகர் வட்டம் அன்று இருந்ததனால்தான் அது இன்றுவரை விவாதத்துக்குரிய முடிபாக உயிரோடு இருக்கிறது. சென்னைப் பல்கலைக்கழகம் பி.ரா. புருஷோத்தம நாயுடுவின் ‘ஈட்டின் தமிழாக்க’த்தைப் பத்துத் தொகுதிகளாக வெளியிட்டதும் இங்கே எண்ணத்தக்கது. பல்கலைக்கழகத்துக்கும் காலக்ஷேப கோஷ்டிக்கும் இடையே அன்று இவ்வளவு பெரிய பள்ளம் இருக்கவில்லை.

இன்று அப்பள்ளமே மூலச் சிக்கல். வியாக்கியானத்தைப் படித்தவர்கள் வைணவத் திங்களிதழ்களையும் காலாண்டிதழ்களையும் படிக்கிறார்கள். பல்கலைக்கழகமோ அவற்றுக்கு மதிப்பெண் தருவதில்லை. மதிப்பெண் தரும் இதழ்களை வியாக்கியானம் படித்தவர்கள் பார்ப்பதில்லை. காஞ்சி பிரதிவாதி பயங்கரம் அண்ணங்கராசாரியர் நடத்திய ‘ஸ்ரீராமாநுஜன்’, திருச்சி புத்தூர் கிருஷ்ணஸ்வாமி அய்யங்கார் நடத்திய ‘ஸ்ரீவைஷ்ணவ ஸுதர்சனம்’ ஆகியவற்றின் பழைய இதழ்களைப் புரட்டினால், ஒரு பாடபேதத்துக்காக எத்துணைக் கூர்மையான கண்கள் காத்திருந்தன என்பது விளங்கும். பதவி உயர்வுக்கான எந்தப் படிவத்திலும் அக்கூர்மைக்குக் கட்டம் இல்லை.

எனினும் வைணவ இதழ்கள் தம்மைக் குற்றமற்றவையாகக் கருதிக்கொள்ளுதலும் ஆகாது. கலைப் பற்றினால் கட்டுரையின் முடிபை முதலில் பார்த்து, பின்னரே ஆதாரத்தைப் பார்க்கும் வழக்கம் சில இடங்களில் உண்டு. பதிப்பு, ஆண்டு, பக்கம் குறிக்காமல் ‘என்று பெரியோர் அருளினர்’ என முடித்துவிடுதலும் உண்டு. மாமுனிகள் ஈட்டில் வரும் பிரமாணங்களுக்கெல்லாம் திரட்டு அருளியவர். மேற்கோளின் இருப்பிடத்தைக் காட்டுதல் மேல்நாட்டார் கற்பித்த பழக்கம் என்று எண்ணுவோர் அத்திரட்டை நோக்குக. வந்த கட்டுரையைத் துறையறிந்த இருவருக்கு அனுப்பி, அவர்கள் எழுப்பிய ஐயங்களை எழுத்தில் ஆசிரியருக்குத் தெரிவிக்கும் முறையை இவ்விதழ்கள் மேற்கொண்டால், பள்ளத்தின் பாதி தூர்ந்துவிடும். அதற்குப் பொருட்செலவு பெரிதில்லை. மறுப்பைத் தாங்கும் மனம் வேண்டும்.

ஆங்கிலத்தில் எழுதினால் தரம் தானே வந்துவிடும் என்னும் நம்பிக்கையும் ஆராயத்தக்கது. ஜான் கார்மனும் வசுதா நாராயணனும் சேர்ந்து திருக்குருகைப்பிரான் பிள்ளானின் ஆறாயிரப்படியைப் பற்றி எழுதிய நூல் 1989இல் சிகாகோ பல்கலைக்கழகப் பதிப்பாக வந்தது. மணிப்பிரவாள உரைக்கு வெளிநாட்டிலும் தகுதிவாய்ந்த வாசகர் உண்டு என்பதற்கு அதுவே போதும். அடையாறு நூலகத்தின் ‘பிரஹ்ம வித்யா’, குப்புசாமி சாஸ்திரி ஆய்வு நிறுவனம் நடத்தும் இதழ், ‘ஜர்னல் ஆஃப் இந்தியன் பிலாஸபி’ முதலியன தத்துவ நோக்கிலான கட்டுரைகளுக்கு உரியவை. ஆனால் ஒரு பாசுரத்தின் சொல்லமைதியைப் பற்றிய கட்டுரையை, தமிழ் மூலத்தைப் பெயர்த்துச் சொன்னாலன்றி விளங்காத வாசகரிடம் கொண்டுசெல்லுதல் வீண் உழைப்பு. மொழியைத் தேர்வதும் வாசகரைத் தேர்வதும் ஒன்றே. ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில் பிறந்த இராஜாஜி, இராமாயணத்தைச் ‘சக்கரவர்த்தித் திருமகன்’ என ‘கல்கி’ வார இதழில் எழுதினார். அவர் கருதிய வாசகர் வீட்டிலிருந்து படிக்கும் தமிழர். அதற்கு ஏற்ற இடம் வார இதழே. பின்னர் 1958இல் அதற்கு சாகித்திய அகாதெமி பரிசும் வந்தது. அவர் இடத்தைத் தேர்ந்தது பரிசை நோக்கியன்று.

எல்லைப்புறத்தில் இருத்தல் குறையென்று மேலே சொல்லப்பட்டது. அதுவே பேறாகவும் ஆகும். ஓசூருக்கருகே உள்ள குந்தாணி, ஹொய்சள மன்னன் இராமநாதனுக்கு இருப்பிடமாக விளங்கியது. அவன் காலத்துத் தமிழ்க் கல்வெட்டுகள் கோலார், பெங்களூர்ப் பகுதிகளிலும் உண்டு; அவை லூயிஸ் ரைஸ் பதிப்பித்த ‘எபிகிராஃபியா கர்நாடிகா’ தொகுதிகளில் அச்சாயின. தமிழ்நாட்டுத் தொகுதிகளை மட்டும் பார்ப்பவருக்கு அவை தென்படா. ஹொய்சளர் காலத்துப் பெருமாள் கோயில் கொடைகளைப் பற்றி எழுதும் ஓசூர் ஆய்வாளருக்கு, நாற்பது கிலோமீட்டர் அளவில் பெங்களூரில் 1909 முதல் நடந்துவரும் மிதிக் சொஸைட்டியும் அதன் காலாண்டிதழும் உள்ளன. தமிழில் எழுதினால், தமிழகத் தொல்லியல் கழகம் 1991 முதல் வெளியிட்டுவரும் ‘ஆவணம்’ உண்டு. முன்னதில் கன்னடக் கல்வெட்டறிஞர் கேட்பார். பின்னதில் தமிழ் எழுத்தமைதி அறிந்தவர் கேட்பார். ஒரே கட்டுரையை ஒரே நேரத்தில் இரண்டுக்கும் அனுப்புதல் கூடாது. ஆனால் கல்வெட்டின் வாசகத்தைப் பற்றி ஒன்றும், அதில் தெரியவரும் ஆராதன முறையைப் பற்றி வேறொன்றுமாக இரு கட்டுரைகள் உண்மையிலேயே இருக்குமாயின், இரண்டையும் உரிய இடத்தில் சேர்க்கலாம். ஒன்றையே இரண்டாக நறுக்குவது வேறு.

பேட்டராய சுவாமி கட்டுரைக்கு மீண்டால், சொல்லாராய்ச்சிப் பகுதிக்குத் திருவனந்தபுரத்திலிருந்து 1972 முதல் வெளிவரும் திராவிட மொழியியல் இதழ் போன்றதே தக்க இடம். நான்கு மொழிகளையும் அறிந்தவர் அங்கு கேட்பார். உற்சவ முறைகளைப் பற்றிய பகுதி வைணவ இதழுக்கு உரியது. இரண்டுக்கும் அனுப்புமுன் கட்டுரையாளர் செய்யக்கூடிய மற்றொன்று உண்டு. அதற்குக் கட்டணமில்லை. ஒரு நாள் மாலை தேன்கனிக்கோட்டைக்குச் சென்று, கோயில் மண்டபத்தில் அமர்ந்திருக்கும் கன்னடம் பேசும் முதியவர் ஒருவரிடம் அத்திருநாமத்தைச் சொல்லச் சொல்லிக் கேட்கலாம். முதற் பகரம் மெலிந்து ஒலிக்கிறதா, வலிந்து ஒலிக்கிறதா என்பது அப்போதே தெரிந்துவிடும்.